கவ்வி எங்கே விழும் என்று கேள்

மதுரை

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதமும் அண்ணனின் சி.டி. ஸ்கேன் அறிக்கையின் நகலும் நேற்றுக் கிடைத்தன. வயிற்றுப் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து வயிறு வழியாக இறங்கும் பெரிய இரத்தக்குழாய், 6.2 செ.மீ. வரை வீங்கியிருக்கிறது. ஆண்களுக்கு 5.5 செ.மீ.யை எட்டினாலே அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவோம். ஆகவே அதைச் செய்யச் சொன்னவர்களோடு எனக்கு வழக்கில்லை. இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஏன் சிறுநீரகத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். முப்பத்தைந்து ஆண்டுகள் நோயாளியின் தலைமாட்டில் நின்று மயக்க மருந்து கொடுத்தவன் என்ற உரிமையில் அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வயிற்றைத் திறந்து, வீங்கிய பகுதிக்குச் செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பதற்கு, அதற்கு மேலே பெருந்தமனியைக் கவ்வி போட்டு அடைத்தாக வேண்டும். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஆனாலும் அவற்றின் உட்பகுதி எப்போதுமே ஆக்சிஜன் பற்றாக்குறையின் விளிம்பில்தான் வேலை செய்கிறது. சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே கவ்வி விழுந்தால் அந்த இரத்தமும் அடியோடு நின்றுபோகும். கீழே விழுந்தால் தப்பித்தோம் என்று நினைத்துவிடாதே. அப்போதும் சிறுநீரகத்தின் சிறு இரத்தக்குழாய்கள் சுருங்கி இரத்த ஓட்டம் வெகுவாகக் குறைகிறது. தமனிச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் துகள்கள் கவ்வியின் அழுத்தத்தில் உதிர்ந்து சிறுநீரகத்துக்குள் போய் அடைத்துக்கொள்வதும் உண்டு. கவ்வியை எடுக்கும் கணத்தில் இரத்த அழுத்தம் சரிவது, இழந்த இரத்தம், வெகுநேரம் இரத்தமின்றிக் கிடந்த கால்களிலிருந்து திரும்பி வரும் கழிவுகள் ஆகியவை இதற்கு மேல் விழும் அடிகள்.

அண்ணனுடைய அறிக்கையில் எனக்கு உறுத்துவது இரண்டு வரிகள். வீக்கம் சிறுநீரகத் தமனிகளை ஒட்டியே தொடங்குகிறது என்பது ஒன்று. அப்படியானால் கவ்வி அவற்றுக்கு மேலே போக வாய்ப்பு அதிகம். மற்றொன்று, சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.6. பார்ப்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் 68 வயது ஆணுக்கு அது சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 46 மி.லி. என்று பொருள், அண்ணனைப் போல மெலிந்து தசை குறைந்த உடம்பில் உண்மை நிலை அதைவிடவும் கீழே இருக்கக்கூடும். கையிருப்பு குறைந்தவனுக்கு வரும் சிறு செலவும் பெருஞ்செலவுதானே.

எங்கள் காலத்து மடமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் இத்தகைய நோயாளிகளுக்கெல்லாம் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறோம் என்று டோபமின் மருந்தைச் சிறிய அளவில் ஏற்றினோம். சிறுநீர் சேகரிக்கும் பையில் நீர் கொட்டுவதைக் கண்டு மகிழ்ந்தோம். 2000ஆம் ஆண்டில், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவர்கள் நடத்திய பெரிய ஆய்வு, அதனால் சிறுநீரகத்துக்குக் காப்பு எதுவும் இல்லை என்று காட்டியது. மருந்தை வைத்து நீரை வரவழைப்பது வேறு, சிறுநீரகம் நலமாக இருப்பது வேறு என்பது எங்களுக்கு உறைக்கவே அத்தனை காலம் ஆயிற்று. இன்றும் காப்பு மருந்து என்று நம்பிச் சொல்லத்தக்க ஒன்று என் கையில் இல்லை. உதவுபவை எல்லாம் சாதாரணச் சங்கதிகள்: கவ்வி மேலே இருக்கும் நேரம் அரை மணிக்குள் முடிவது, அதற்கு மேல் நீளும் என்று தெரிந்தால் குளிர்ந்த திரவத்தைச் சிறுநீரகத் தமனிகளுக்குள் செலுத்திச் சிறுநீரகங்களின் ஆக்சிஜன் பசியைக் குறைப்பது, இரத்த அழுத்தத்தைச் சரியவிடாமல் பிடித்திருப்பது. இவை அந்த அறுவையை அடிக்கடி செய்யும் குழுவுக்குத்தான் கைவரும்.

உன் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. ஸ்கேனுக்குப் போட்ட சாய மருந்தே சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யலாம் என்பதால், சில நாட்கள் இடைவெளி விட்டுக் கிரியேட்டினினை மறுபடி பார்த்த பிறகே அறுவைக்குத் தேதி வைக்கச் சொல். முழங்கால் வலிக்கென்று அண்ணன் விழுங்கும் டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்து. இரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்ட்டன், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இரண்டையும் எப்போது நிறுத்துவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

அறுவை முடிந்து மறுநாள் காலையில் கிரியேட்டினின் ஏறவில்லை என்றால் நிம்மதி கொள்ளாதே. அது ஒரு நாள், இரண்டு நாள் பின்தங்கித்தான் சேதத்தைச் சொல்லும். 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலே, அதாவது அண்ணனுக்கு 1.9 ஆனாலே, அதைச் சிறுநீரகப் பாதிப்பு என்றுதான் கணக்கிட வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி.க்குக் குறைவாகச் சிறுநீர் ஆறு மணி நேரம் தொடர்ந்தாலும் அப்படியே. பலருக்கு இது சில நாட்களில் சரியாகிவிடும். சிலருக்குத் தற்காலிகமாக டயாலிசிஸ் தேவைப்படும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களிடையே உயிரிழப்பும் கூடுதல் என்பதை உன்னிடம் மறைப்பதில் பயனில்லை.

தொடை வழியாக ஸ்டென்ட் வைக்கலாமே என்று உன் மகன் கேட்டதில் தவறில்லை. ஆனால் சாதாரண ஸ்டென்ட் பற்றிக்கொள்ளச் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே ஒரு செ.மீ. அளவுக்காவது நல்ல சுவர் வேண்டும். அண்ணனுக்கு அது இல்லை. துளைகள் வைத்து அளவெடுத்துச் செய்யும் ஸ்டென்ட் உண்டு. விலை மிக அதிகம், செய்து வரவும் வாரக்கணக்கில் ஆகும். அதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்.

"பேசாமல் விட்டுவிட்டால் என்ன?" என்று அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தாய். இயற்பியல் வாத்தியாரான உனக்கு ஐன்ஸ்டைனின் கதை தெரிந்திருக்கும்: 1948இல் அவருடைய வீங்கிய தமனியைச் செலோபேன் தாளால் சுற்றி வைத்தார்கள், 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது அறுவை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அண்ணனுக்கு நம்மிடம் அதைவிட நல்ல வழி இருக்கிறது, அபாயத்தோடு சேர்த்து.

அறுவை மருத்துவரைப் பார்க்கும்போது, கவ்வி எங்கே விழும், எத்தனை நிமிடம் என்று நேராகக் கேள். அவர் சொல்வதை அன்றே எனக்குத் தொலைபேசியில் சொல். தேதி உறுதியானால் முந்தைய நாள் மாலை பேருந்தில் வந்துவிடுகிறேன், மதினியிடம் சொல்லிவை.

அன்புடன்,
உன் நண்பன்
வேலாயுதம்