‘லுக்ட்’ பக்கத்தில் ‘டயர்ட்’ நிற்கலாமா? ஆங்கில இலக்கண நூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் வழியாக ஆங்கில இலக்கணம் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவன் நான். உங்கள் நூல்களை நம்பித்தான் என் வகுப்பு ஓடுகிறது. ஆகவே வம்புக்கு எழுதுவதாக நினைக்க வேண்டாம். எனக்குச் சண்டை ஒரே ஒரு வரியோடுதான்: ‘வினைச்சொல்லை அடுத்து அடை வந்தால் அது வினையடை, அதற்கு லி விகுதி சேரும்.’ பல இடங்களில் செல்லுபடியாகும் வரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறீர்களே, அங்கேதான் வினை.

போன வாரம் ஒரு மாணவர், ஐம்பது வயதிருக்கும், பயிற்சி நோட்டில் ‘ஷீ லுக்ட் டயர்ட்’ (அவள் களைப்பாகத் தெரிந்தாள்) என்று எழுதினார். அருமையான வாக்கியம். எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். இரண்டு சொல்லும் ‘ஈ-டி’யில் முடிகின்றன. ‘ஒரே வாக்கியத்தில் ரெண்டு இறந்தகாலம் வரக்கூடாதே சார்’ என்று முனகிக்கொண்டே கடைசி எழுத்தை அழித்து ‘ஷீ லுக்ட் டயர்’ ஆக்கினார். அதுவும் பிடிக்கவில்லை. நூலைப் புரட்டினார், உங்கள் வரி கண்ணில் பட்டது, ‘ஷீ லுக்ட் டயர்ட்லி’ என்று முடித்துவிட்டு நிம்மதியாக என்னிடம் நீட்டினார். அழித்து அழித்துத் தாள் அந்த இடத்தில் மெலிந்திருந்தது. தானாகச் சரியாக எழுதியவர், விதியைப் பார்த்துத் தப்பாக்கிக்கொண்டார்.

‘டயர்ட்’ பிறப்பால் வினையிலிருந்து வந்த சொல்தான். ஆனால் இந்த வாக்கியத்தில் அதற்கும் காலத்துக்கும் சம்பந்தமில்லை. காலத்தைச் சுமப்பது ‘லுக்ட்’ மட்டுமே. ‘ஷீ லுக்ஸ் டயர்ட்’ என்று நிகழ்காலத்துக்கு மாற்றினாலும் ‘டயர்ட்’ அசையாது. அந்த இடத்தில் ‘ஹாப்பி’ என்று வைத்துப் பாருங்கள், குழப்பமே இல்லை. இந்த இரண்டு ‘ஈ-டி’ சந்தேகம் பாதி வகுப்புக்கு இருக்கிறது. அதற்கென்று ஒரு பத்தி ஒதுக்கிய நூல் ஒன்றுகூட என் அலமாரியில் இல்லை.

நம்மவர்கள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, தமிழ். ‘அவன் கடிதத்தைச் சோகமாகப் பார்த்தான்’, ‘அவன் சோகமாகத் தெரிந்தான்’. இரண்டிலும் ‘சோகமாக’தான். மாறுவது வினை: பார்த்தான், தெரிந்தான். ஆங்கிலம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. வினை இரண்டிலும் ‘லுக்ட்’தான், அடுத்த சொல் மாறுகிறது. பார்த்தவனுக்கு ‘லுக்ட் சேட்லி’, தெரிந்தவனுக்கு ‘லுக்ட் சேட்’. முதலாவதில் ‘சேட்லி’ பார்வையைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவதில் ‘சேட்’ ஆளைப் பற்றிப் பேசுகிறது. நாம் வினையில் காட்டும் வேறுபாட்டை அவர்கள் அடையில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். மருந்தைக் கவனமாகச் சுவைத்தவன் ‘டேஸ்டட் த மெடிசின் கேர்ஃபுல்லி’. கசந்தது மருந்து என்றால் ‘த மெடிசின் டேஸ்டட் பிட்டர்’. ‘ஸ்மெல்ட்’, ‘ஃபெல்ட்’, ‘சவுண்டட்’ எல்லாமே இந்த இரட்டை வேடக்காரர்கள்தான்.

நம் ‘ஆக’ இரண்டு வேலையும் பார்க்கிறது: ‘அழகாகப் பாடினாள்’, ‘அழகாக இருந்தாள்’. ‘அழகான’ என்பதோ பெயருக்கு முன்னால்தான் நிற்கும். ‘அவள் அழகான’ என்று வாக்கியத்தை முடிக்க முடியாது. ஆனால் பழந்தமிழில் குணச்சொல்லே பயனிலையாக நின்றிருக்கிறது: ‘அவன் நல்லன்’, ‘அவள் கரியள்’. இவற்றைக் குறிப்பு வினைமுற்று என்கிறோம். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்ற ஆறின் அடியாக இது பிறக்கும் என்று நன்னூல் சொல்கிறது. காலத்தை வெளிப்படையாகக் காட்டாமல் குறிப்பால் உணர்த்துவதால் அந்தப் பெயர். ஆங்கில அடைமொழிக்கு அந்தத் தெம்பு இல்லை. நேற்று நல்லவனாக இருந்தான் என்று சொல்ல, காலத்தை மாட்டிவைக்க அதற்கு ஓர் ஆணி வேண்டும். ‘வாஸ்’ அந்த ஆணி. ‘லுக்ட்’, ‘சீம்ட்’, ‘பிகேம்’, ‘ரிமெய்ன்ட்’ கொஞ்சம் வேலைப்பாடு உள்ள ஆணிகள். குறிப்பு வினைமுற்றைப் பள்ளியிலேயே படித்தவர்களிடம் இந்த ஒப்பீட்டைச் சொல்லாமல் ‘எஸ்-வி-சி’ (எழுவாய், வினை, நிரப்பி) என்று கட்டம் போட்டுக் காட்டுவதில் என்ன லாபமோ!

மாற்றத்தைச் சொல்லும் வினைகளில் தமிழ் இன்னும் நன்றாகக் கைகொடுக்கும். ‘த மில்க் வென்ட் சவர்’, பால் புளித்துப்போனது. ‘வென்ட் பேட்’, கெட்டுப்போனது. ‘ஹிஸ் ஹேர் வென்ட் க்ரே’, முடி நரைத்துப்போனது. அங்கேயும் ‘போ’, இங்கேயும் ‘போ’! இதைக் கரும்பலகையில் எழுதிய நாளில் வகுப்பே சிரித்தது. அப்புறம் யாரும் ‘வென்ட் பேட்லி’ என்று எழுதவில்லை. ‘ஃபெல் இல்’ என்றால் நோயில் விழுந்தான். ‘கேம் ட்ரூ’ என்றால் கனவு பலித்தது. அதே ‘கேம்’ ‘கேம் லூஸ்’ என்று கழன்றுகொள்ளவும் செய்யும், கவனம். எந்த வினையோடு எந்த அடை சேரும் என்பது வழக்கைப் பொறுத்தது: ‘ஃபெல் இல்’ உண்டு, ‘வென்ட் இல்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘டர்ன்ட் ரெட்’ சிவந்தது, ‘ரேன் ட்ரை’ வற்றியது. நமக்கு ஒரே வினையில் முடிகிற காரியம் அவர்களுக்கு இரண்டு சொல்.

வினைக்குப் பின்னால் மட்டுமே குடியிருக்கும் அடைகளும் உண்டு. ‘ஃபெல் அஸ்லீப்’ சரி, ‘அன் அஸ்லீப் சைல்ட்’ கிடையாது. ‘அஸ்லீப்’, ‘அலைவ்’ இரண்டிலும் முன்னால் ஒட்டியிருக்கும் ‘அ’, பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்ற தனிச் சொல். தூக்கத்தில், உயிரில் என்று பொருள். தூக்கத்தில் குழந்தை என்று நாமும் சொல்வதில்லையே.

செயப்படுபொருளுக்குப் பின்னால் வரும் அடையையும் விட்டுவிடாதீர்கள். ‘ஹி பெயின்டட் த டோர் ரெட்’ என்றால் கதவு சிவப்பானது. ‘ஹி பெயின்டட் த ரெட் டோர்’ என்றால் சிவப்பாய் இருந்த கதவுக்கு ஏதோ வண்ணம் அடித்தான். செயப்படுபொருள் இல்லாத ‘கேம் ஹோம் டயர்ட்’ இன்னும் எளிது: களைத்துப்போய் வீடு வந்தான்.

வகுப்பில் நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். வினையை எடுத்துவிட்டு ‘வாஸ்’ போடு. ‘த மெடிசின் வாஸ் பிட்டர்’ நிற்கிறதா, அப்படியானால் ‘லி’ வேண்டாம். எல்லா இடத்துக்கும் போதாது, நூற்றில் தொண்ணூறு வாக்கியத்துக்குப் போதும். ‘லோன்லி’, ‘ஃப்ரெண்ட்லி’ ஆகியவற்றில் இன்னொரு வேடிக்கை. அவை அடைமொழிகள், வாலில் ‘லி’ இருப்பதால் வினையடை என்று நினைத்து என் மாணவர்கள் ‘ஃபெல்ட் லோன்லி’ என்று சரியாக எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் போடும்போது எனக்குத்தான் கை கூசுகிறது. ‘ஃபெல்ட் பேட்’ என்பதைத் திருத்தமாகப் பேசுவதாக எண்ணி ‘ஃபெல்ட் பேட்லி’ என்று சொல்லும் ஆங்கிலேயர்களும் உண்டு. விதியைப் பாதியில் நிறுத்தினால் தாய்மொழிக்காரருக்கும் அதே கதிதான்.

அடுத்த பதிப்பில் அந்த வரிக்குக் கீழே நான்கு வரி இடம் கொடுங்கள். ‘பார்த்தான், தெரிந்தான்’ என்ற இணையை வையுங்கள். பயிற்சிப் பகுதியில் ‘ஷீ லுக்ட் டயர்ட்’ முதல் வாக்கியமாக இருக்கட்டும். என் மாணவருக்கு அந்தப் பக்கத்தை நானே காட்டுகிறேன். நோட்டில் அவர் அழித்த இடத்தில் மீண்டும் எழுத முடியாது, ஓட்டை விழுந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் நூல்களை வைத்துப் பாடம் நடத்தும் ஒருவன்