‘முழுவதும் மறுசுழற்சிக்குரியது’ என்ற தவறான வாசகம் குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: விருந்துப் பொருள் தொகுப்பில் உள்ள தவறான அறிவிப்பு

மதிப்பிற்குரியீர்,

சென்ற மாதம் என் மகளின் பிறந்தநாள் விழாவுக்காக 60 பேருக்கான உங்கள் விருந்துப் பொருள் தொகுப்பை வாங்கினேன். தட்டு, காகிதக் கோப்பை, குளிர்பானத் தம்ளர், பரிசு சுற்றும் தாள் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. மற்ற தொகுப்புகளைவிட விலை கூடுதல். ‘முழுவதும் மறுசுழற்சிக்குரியது’ என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்ததால்தான் அதை எடுத்தேன்.

விழாக் கூடத்தில் காகிதம், பிளாஸ்டிக், உணவுக் கழிவு என்று எழுதி ஒட்டி மூன்று தொட்டிகள் வைத்தேன். எதை எதில் போடுவது என்று சொல்லும் வேலையை என் மகளே கேட்டு வாங்கிக்கொண்டாள். விருந்தினர் போன பிறகு இருவரும் உட்கார்ந்து கோப்பைகளையும் தம்ளர்களையும் அலசி, உலர்த்தி அடுக்கினோம். முடிக்க நள்ளிரவாயிற்று.

மறுநாள் மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோனால், நான்கு பைகளில் அட்டைப்பெட்டிகள் இருந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அங்கிருந்த ஊழியர் ஒரு கோப்பையைக் கிழித்துக் காட்டினார். உட்புறத்தில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம் ஒட்டியிருந்தது. பானம் கசியாமலிருக்க அது தேவை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் காகிதத்திலிருந்து பிரிக்கத் தனி ஏற்பாடு வேண்டும். பல நிலையங்களில் அது இல்லை. அடுத்துப் பரிசுத் தாளைக் கசக்கினார். வெறும் காகிதமாக இருந்தால் கசங்கியபடியே கிடக்கும். உங்கள் தாள் கையை எடுத்ததும் விரிந்துகொண்டது. உலோகப் பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக் அது.

இவற்றையாவது பொறுத்துக்கொள்வேன். தம்ளர்கள் விஷயத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரே அடுக்கில், ஒரே உருவத்தில், இரண்டு வகைப் பிளாஸ்டிக்கை வைத்திருக்கிறீர்கள். பாதியின் அடியில், பிளாஸ்டிக் வகையைக் காட்டும் எண்ணாக 1 இருக்கிறது, அது தண்ணீர் பாட்டில் செய்யும் ‘பெட்’. மீதியில் 7 என்ற எண்ணும், பொடி எழுத்தில் ‘பி.எல்.ஏ.’ என்றும் இருக்கிறது, அது சோளம் போன்ற பயிர்களிலிருந்து செய்யும் பிளாஸ்டிக். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். ‘பெட்’ உருகச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும், பி.எல்.ஏ. 160 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். இரண்டும் கலந்துவிட்டால் நல்ல ‘பெட்’டும் நிறம் மங்கி, தரம் கெடும். பி.எல்.ஏ. மக்கக்கூடியது என்று நீங்கள் பதில் எழுதலாம். அதற்கு 60 டிகிரி அளவு வெப்பம் நீடிக்கும் பெரிய உரக்கூடம் வேண்டும். வீட்டு உரக்குழியில் அது அப்படியே கிடக்கும்.

தட்டுகளில் குறை சொல்ல மாட்டேன். பூச்சில்லாத கரும்புச் சக்கைத் தட்டுகள். உணவுக் கழிவோடு சேர்ந்து உரத்துக்குப் போய்விட்டன. அதே அக்கறையை மற்றவற்றிலும் காட்ட உங்களுக்கு என்ன தடை?

திரும்பி வந்த பைகளைப் பார்த்து, “நான் தப்பாகப் பிரித்துவிட்டேனா?” என்று என் மகள் கேட்டாள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தொகுப்பின் முழு விலையையும் திருப்பித் தாருங்கள். அந்த வாசகத்தைப் பெட்டியிலிருந்து நீக்கி, எந்தப் பொருள் எந்தத் தொட்டிக்குரியது என்பதைப் பொருளுக்குப் பொருள் அச்சிடுங்கள். இரு வகைத் தம்ளர்களையும் இனி ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள்.

பெட்டியும் திருப்பப்பட்ட பொருள்களும் ரசீதும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் மாதிரிகளை அனுப்புகிறேன். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்