சிவப்பு மையால் அடித்த இரண்டு வரிகள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்காக நீ எழுதி அனுப்பிய இரண்டு பக்கங்களையும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் ‘தியாகச் சுடர்’ என்ற இடத்தையும், ‘தன்னையே உருக்கிக்கொண்ட மெழுகுவர்த்தி’ என்ற இடத்தையும் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். காரணம் சொல்லாமல் அடிப்பது முறையல்ல என்பதால்தான், தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசி முடிக்காமல் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அவள் உருகவில்லை, தம்பி. மூளைக்காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அது யாருக்கும் வரக்கூடியது. அதுவரை, மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக அலைந்த அந்த அலைச்சலை அவள் விரும்பித்தான் அலைந்தாள். அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளை மறந்தாள், என்னிடம் வாங்கிய பேருந்துச் செலவைத் திருப்பித் தந்ததே இல்லை, ஒரு மனு ஏற்கப்பட்டுவிட்டால் அன்றிரவு முழுவதும் யாரையும் தூங்கவிடாமல் அதையே பேசுவாள். உன் பக்கங்களில் இந்தப் பெண் எங்கும் தென்படவில்லை.

சொற்களில் அவள் எவ்வளவு கறார் என்பதை நீ பார்த்ததில்லை. நீ வெளிநாட்டுக்குப் போன பிறகுதான் அது முற்றியது. சட்டப் படிப்பை முடித்த கையோடு இந்த வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் எதிர்த்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் வருவாய்த் துறையில் எழுத்தராகக் குப்பை கொட்டியவன் நான். என்னோடு வேலை பார்த்தவர்களின் மேசைக்கு முன்னால் என் மகள் மனுவோடு நிற்பதா என்ற கூச்சம்தான், வேறொன்றுமில்லை. பிறகு ஒருநாள், மனு எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னையே இழுத்துக்கொண்டாள். கணவனை இழந்த ஒரு பெண்ணுக்காக, ‘இந்த ஏழை விதவையின் வாழ்வில் விளக்கேற்றும் வண்ணம் கருணைகூர்ந்து ஏதேனும் உதவித்தொகை வழங்குமாறு பாதம் பணிந்து வேண்டுகிறேன்’ என்று என் சர்வீஸில் பழகிய நடையில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு பென்சிலை எடுத்து ‘ஏழை’, ‘கருணை’, ‘பாதம்’ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடித்தாள். உதவித்தொகை என்ற இடத்தில் இழப்பீடு என்று எழுதினாள். 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று சொன்னதை முதல் வரியாக வைத்தாள். “கடன் கொடுத்தவன் கடனைத் திருப்பிக் கேக்கும்போது விளக்கேத்தச் சொல்லுவானாப்பா?” என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

அவளுக்கு அடியோடு ஆகாத இன்னொரு சொல் ‘தவறி விழுந்து’. செப்டிக் டேங்க் சாவு என்றால் எஃப்.ஐ.ஆரில் பெரும்பாலும் அந்தச் சொல்தான் முதலில் வந்து உட்காரும், ஏனென்றால் தவறி விழுந்தவனை யாரும் உள்ளே இறக்கியதாக ஆகாது. ஒருமுறை தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியின் வாயை அளந்து வந்தாள். அடுத்த பக்கத்தில் இறந்தவருடைய தம்பியின் தோள் அகலத்தைக் குறித்திருந்தாள், அண்ணனும் அதே உடல்வாகு என்பதால். தோளைச் சாய்த்து, ஒரு கையை முதலில் விட்டு, கயிற்றைப் பிடித்துத்தான் அந்த ஓட்டைக்குள் ஒரு மனிதன் இறங்க முடியும். தவறி விழ வழியே இல்லை. அந்த நோட்டுப் புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது.

சாப்பிடும்போதும் இதே பேச்சுதான், அம்மா திட்டுவாள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறுமாம். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடுமாம். முதலில் இறங்கியவன் சத்தமில்லாமல் சரிவான், மேலே நிற்பவன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு காப்பாற்ற இறங்குவான், அவனும் வரமாட்டான். இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே சாவது இதனால்தான். உரிய பாதுகாப்பு இல்லாமல் இப்படி ஆளை இறக்கினால், மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, ஆட்கள் குழிக்குள் இருக்கிறார்கள் என்பாள்.

இனி எழுதப்போவதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 1996இல் நிவாரணம் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. ஒரு வீட்டின் தொட்டியில் இறங்கி இறந்தவரின் மனைவி கொடுத்தது. நான் நேரில் போகவில்லை, யாரையும் விசாரிக்கவுமில்லை. வந்திருந்த அறிக்கையைப் பார்த்து, ‘மது அருந்திய நிலையில் தவறி விழுந்ததாகத் தெரியவருகிறது, மனுவைத் தள்ளுபடி செய்யலாம்’ என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அதிகாரி கையெழுத்திட்டார். இஞ்சு டேப்போடு அவள் வந்து நின்ற அந்த இரவில்தான் இதை அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாளோ என்றுகூட நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஃபைல் நம்பர் ஞாபகம் இருக்காப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

எண் நினைவில் இல்லை, ஊர்ப் பெயர் இருந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த 10 லட்சம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தி, இதுவரை பெறாதவர்களுக்கும் இதையே தரவேண்டும் என்று சொன்னதும், வா போகலாம் என்று நச்சரித்தாள். இன்று நாளை என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அவள் போன நான்காம் மாதம் தனியாகப் போனேன். அந்த அம்மாள் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது, மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்பதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு மகளைக் கூப்பிட்டு என்னை உட்காரவைக்கச் சொன்னார். வாரிசுச் சான்றிதழ் வாங்கவே ஆறு மாதமாயிற்று, அந்தக் கதையை நீ வரும்போது சொல்கிறேன்.

நினைவு நாள் திங்கட்கிழமையில் வருகிறது. அன்றுதான் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். அந்த அம்மாளையும் மகளையும் அழைத்துக்கொண்டு காலையிலேயே போகிறேன், ஆகவே நினைவுக் கூட்டத்துக்கு நான் வர நேரமாகும். உன் பக்கங்களை அம்மாவே படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அடித்த இரண்டு இடங்களிலும் வேறு எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு. பேருந்துச் செலவு விஷயத்தையும் சேர்த்துக்கொள், அம்மா அதைப் படிக்கும்போது எழுந்து போகமாட்டாள்.

அன்புடன்,
அப்பா