பதிப்பகம் தொடங்கும் கதிருக்கு

அன்புள்ள கதிர்,

கவிதைக்கென்றே ஒரு சின்னப் பதிப்பகம் தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம்ப்பா. வரி எங்கே முறிய வேண்டும் என்று தெரிந்தவன் கையில் கவிதைப் புத்தகம் இருப்பது நல்லது. ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா 1962-இல் ‘புதுக்குரல்கள்’ என்ற புதுக்கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவரும் அவரேதான். இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்துத்தான் நீ துணிய வேண்டும்.

முதலில் பக்கத்தைப் பார். டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 10 செ.மீ. அகலம் கிடைக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நீண்ட வரியின் கடைசிச் சொல் மடங்கிக் கீழே விழும், படிப்பவர் அதைக் கவிஞர் போட்ட புது வரி என்று நினைத்துவிடுவார். தொகுப்பிலேயே நீளமான வரியைத் தேடியெடுத்து, அது அடங்கும்படி எழுத்தின் அளவை முடிவு செய். அப்படியும் மடங்கினால் அந்தத் துண்டை நன்றாக உள்ளே தள்ளி வை. பத்தி முடிவும் பக்க முடிவும் ஒரே இடத்தில் விழ விடாதே. அடுத்த பக்கத்தில் வருவது புதுப் பத்தியா, தொடர்ச்சியா என்று தெரியாமல் போகும். இரண்டு பக்கக் கவிதையை இடப்பக்கத்தில் தொடங்கு.

கவிஞர் தரும் பிரதியில் எழுத்துகளையும் சோதி. பலர் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருப்பார்கள். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் இருக்கும். தாளில் அவ்வளவாகத் தெரியாது, மின்னூலில் தேடினால் சொல் கிடைக்காது. அதற்காக ‘ஒள’ எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடாதே, ‘ஒளி’யும் சேர்ந்து கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ஒற்று விஷயத்தில் கவிஞரைக் கேட்காமல் கை வைக்காதே. ஓசைக்காக வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். கேட்டதை ஒரு தாளில் குறித்து வை, அடுத்த மெய்ப்பில், அதாவது பிழை திருத்த எடுக்கும் சோதனைப் படியில், அதே சண்டை வராது.

பக்கங்களை 16-இன் மடங்கில் முடி. ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கம்தான் ஒரு ஃபாரம். 80 பக்கம் என்றால் சரியாக ஐந்து ஃபாரம். பெரிய தாளில் அடிக்கும் ஆஃப்செட்டில் 82 ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு கவிதையை எடுத்துவிடுவதே மேல், தொகுப்புக்கும் பெரும்பாலும் அதுதான் நல்லது. 80 பக்கப் புத்தகத்தின் முதுகு, அதாவது தாள்களை ஒட்டும் பக்கம், ஏறக்குறைய 4 மி.மீ.தான் வரும். அட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் முதுகில் இருக்கும் தலைப்பு முன்னட்டைக்கு வந்துவிடும், ஆகவே அந்த எழுத்தைச் சின்னதாக வை. தாளில் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் புத்தகம் விரிந்து நிற்காது. அழுத்தி விரிப்பார்கள், பசை விட்டுவிடும். ஒரு துண்டைக் கிழித்து ஒரு பக்கம் மட்டும் ஈரமாக்கு. சுருண்ட குழல் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுதான் நாரின் திசை.

இனி காசு. 200 படி டிஜிட்டலில் அடிக்க ஒரு படிக்கு 60 ரூபாய் என்று வை, மொத்தம் 12,000. 20 படி கவிஞருக்கும் மதிப்புரைக்கும் நூலகங்களுக்கும் போய்விடும். மீதி 180. விலை 120 வைத்தால் கடைக்கு 35 விழுக்காடு 42, கவிஞருக்குப் பத்து விழுக்காடு 12 போக 66 நிற்கும். அத்தனையும் விற்றாலும் கைக்கு வருவது 11,880. விலை 160 என்றால் ஒரு படிக்கு 88 நிற்கும், 15,840 வரும். அச்சுச் செலவு 12,000 போக மிஞ்சும் 3,840-இல்தான் தபால், பார்சல் செலவும் அடங்க வேண்டும். இதில் ராயல்டியை வெட்டலாம் என்று ஒருநாளும் நினைக்காதே. கவிஞரிடம் காசு வாங்கிப் புத்தகம் போடுவதும் வேண்டாம். வாங்கிய பிறகு அவரிடம் இந்தக் கவிதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. 200 தீர்ந்தால் இன்னொரு 100 அடித்துக்கொள்ளலாம். மலிவாக வருகிறதே என்று 1,000 அடித்தால் அடுத்த புத்தகத்துக்கான பணம் கட்டிலடியில் கிடக்கும்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம். அட்டை வடிவமைக்கும் முன்பே வாங்கிவிடு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால் டிசம்பரில் அச்சகங்கள் திணறும். பசை காயுமுன் வெட்டிக் கொடுப்பார்கள், தாள் உதிரும். நவம்பர் தொடக்கத்திலேயே கோப்பைக் கொடுத்துவிடு. மழைக்காலத்தில் புத்தகக் கட்டுகளைத் தரையில் வைக்காதே. அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் இருப்பதால் உட்பக்கம் ஈரம் குடித்து உப்பும், அட்டை வெளிப்பக்கமாக வளையும்.

உன் சொந்தக் கவிதையைக் காலையில் எழுது. மெய்ப்பைப் பிற்பகலுக்குத் தள்ளு. மெய்ப்புப் பார்த்த கண் அன்று முழுக்கப் பிழையைத்தான் தேடிக்கொண்டிருக்கும், புது வரியை வளர விடாது.

முதல் தொகுப்பின் டம்மி, அதாவது மாதிரிப் படி, தயாரானதும் எனக்கு ஒன்று அனுப்பு. முதுகையும் அதை ஒட்டி வெற்றாக விடும் உள்விளிம்பையும் பார்த்துச் சொல்கிறேன். உள்விளிம்பு 20 மி.மீ.க்குக் குறையாமல் விடச் சொல்.

அன்புடன்,
அம்மா