மண்டியிட்ட வண்டி

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். பதினான்கு மாதங்களாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு மழை, நண்டு வியாபாரம், மகளின் கல்லூரி என்று மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன், மூன்றும் பொய். நீ வேண்டாம் என்று சொன்ன வண்டியை வாங்கிவிட்டு உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். உன் மூத்தவன் பழைய எட்டு சிலிண்டர் போர்ஷே கயேன் கார் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறான் என்று உன் தங்கை நேற்று சொன்ன பிறகு, வெட்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

என்னுடையது வேறு கம்பெனி. பெயரை எழுதமாட்டேன், எழுதினால் வீட்டில் ஒருத்தி அழுவாள். புதிதாக 90 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி மூன்றாம் கையாக 14 லட்சத்துக்குக் கிடைத்தபோது, உலகமே ஏமாந்துவிட்டது, நான் ஒருவன்தான் விவரமானவன் என்று நினைத்தேன். சைக்கிள் செயின் விவகாரத்திலும் அப்படித்தான் நினைத்தேன் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். வயதாக ஆக வண்டியின் விலைதான் இறங்குகிறது, அதன் உதிரிபாகம் இன்னமும் 90 லட்ச ரூபாய் வண்டிக்கு உரியதாகவே விலை பேசப்படுகிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

முதலில் ஒரு காலை நேரத்தில் வண்டி முன் இடது பக்கமாக மண்டியிட்டு நின்றது. கோயில் யானை காலை மடிப்பதுபோல் அழகாகத்தான் இருந்தது. இந்த ரகத்தில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் பைகளில் காற்றை அடைத்து வண்டியைத் தாங்கவைக்கிறார்கள். ரப்பர் முற்றி மயிரிழை வெடிப்பு விட்டால் இரவெல்லாம் காற்று கசிந்து, விடியும்போது அந்த மூலை தாழ்ந்துவிடுகிறது. ஸ்டார்ட் செய்தால் இரண்டு நிமிடத்தில் தானாக எழுந்து நிற்கும். எழுந்து நிற்கிறதே என்று நான் நான்கு மாதம் சும்மா இருந்தேன். கசிந்த காற்றை ஈடுசெய்ய ஓயாமல் ஓடிய சிறிய கம்ப்ரசர் ஐந்தாவது மாதம் சூடேறிச் செத்தது. முன் பைகள் இரண்டுக்கும் 1,80,000, கம்ப்ரசருக்கு 75,000. கசிவு தெரிந்த அன்றே பையை மாற்றியிருந்தால் அந்த 75,000 மிச்சம். இதில் நம் ஊர் உப்புக் காற்றின் பங்கும் உண்டு: மதுரை மெக்கானிக் அடியில் இருந்த வயர் இணைப்பு ஒன்றைக் கழற்றிக் காட்டினார், உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பாம்பன் ரயில் பாலத்து இரும்புக்கு ஓயாமல் சாயம் அடித்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அரிச்சல்முனை வரை பத்து தடவை ஓட்டிக் காட்டிவிட்டு, ஒரு தடவைகூட வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவாமல் விட்டேன்.

அடுத்தது பாம்பன் சாலைப் பாலத்தின் மேலேயே நடந்தது. மாமியாரை ராமேசுவரத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். முதலில் ஒரு இனிப்பு வாடை. அவர் யாரோ அல்வா கிண்டுகிறார்கள் என்றார். அது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் வாடை. சூடு காட்டும் ஊசி சிவப்புக்குப் போகும்முன் என்ஜினை அணைத்துவிட்டேன், அந்த ஒரு புத்தி மட்டும் இருந்தது. பக்கத்தில் ரயில் தூக்குப்பாலம், இருபுறமும் கடல், செல்பி எடுக்க வந்த கூட்டம் எங்களையும் சேர்த்து எடுத்தது. கடைசியில் நண்டுப் பெட்டி ஏற்றும் டாடா ஏஸ் ஒன்றுதான் என்னைக் கயிறு கட்டி மண்டபம் வரை இழுத்துவந்தது.

கோளாறு இவ்வளவுதான்: பக்கத்துக்கு நான்காக வி வடிவில் நிற்கும் எட்டு சிலிண்டர்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில், குளிர்நீர்க் குழாயைப் பிளாஸ்டிக்கில் போட்டிருக்கிறார்கள், வருடக்கணக்கான சூட்டில் வெந்து, தொட்டால் முறுக்குப்போல் நொறுங்குகிறது. முதல் தலைமுறைக் கயேனின் எட்டு சிலிண்டர் என்ஜினிலும் இதே பிளாஸ்டிக், இதே இடம். ஊரறிந்த நோய் அது. அலுமினியக் குழாய் போட்டுவிட்டால் தீர்ந்தது, ஆனால் அதை எட்டுவதற்கு மேலே உள்ள, என்ஜினுக்குள் காற்றை இழுக்கும் இன்டேக் முழுவதையும் இறக்க வேண்டும். குழாய் 48,000, கூலியும் கேஸ்கட்டும் கூலன்டும் 62,000. மதுரைக்கு ஏற்றிப்போன லாரிக்கு 9,000 தனி.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலைப் பற்றவைக்கும் எட்டு காயிலும் எட்டு பிளக்கும் 64,000. நான்கு டயர் 1,20,000. தரைக்கடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வந்தது. பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் நடு ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருந்தது. ஷாஃப்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு இடத்தில் 1,40,000 கேட்டார்கள், மதுரைக்காரர் பேரிங்கை மட்டும் மாற்றி 18,000 வாங்கினார். இதுவும் கயேனுக்கு உண்டு.

பிரேக் விஷயத்தை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. முன் டிஸ்க் தேய்ந்துவிட்டது, 1,30,000 ஆகும் என்றதும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். உச்சிப்புளிக்கு அருகே ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுவன் சாலையில் ஓடிவந்தான். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி மாப்பிள்ளை, நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. அவன் ஓடிவிட்டான். ஓரமாக நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

கணக்கு வாத்தியார் கேட்டால், பிறகு மாற்றிய டிஸ்க்கையும் சேர்த்து மொத்தம் 7,06,000 என்று சொல். பெட்ரோலும் காப்பீடும் இதில் சேரவில்லை.

உன் மகனை வாங்காதே என்று சொல்லாதே. உன் பேச்சை நான் கேட்ட லட்சணத்தில்தான் அவனும் கேட்பான். முன்பணத்தை ஒரு வாரம் நிறுத்திவைக்கச் சொல். 15 வருடம் தாண்டியதா என்று ஆர்.சி. புத்தகத்தில் முதலில் பார்க்கட்டும். தாண்டியிருந்தால் தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பித்த பிறகே சாலையில் ஓட்ட முடியும். இரவு முழுவதும் நின்ற வண்டியை விடியற்காலையில், யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய்ப் பார்க்க வேண்டும், எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். விற்பவன் முன்கூட்டியே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடட்டும். குழாய் அலுமினியமா என்று வாயால் கேட்காமல் பில்லைக் கேட்கட்டும். இரண்டாம் தலைமுறைக் கயேன் என்றால், நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் திருப்பத்தில் உதறுகிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றாலும், வாங்கும் விலையில் பாதியைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு வாங்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவனை இங்கே அனுப்பு. மதுரை மெக்கானிக்கிடம் நானே அழைத்துப் போகிறேன். என் வண்டியில் பின் வலது பக்கம் இரண்டு நாளாக லேசாகத் தாழ்கிறது, அதையும் காட்ட வேண்டியிருக்கிறது. வருகிறவனிடம் உன் பட்டறையிலிருந்து அந்தப் பழைய பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுத்தனுப்பு, அது என்னுடையது.

உன்,
தேவிபட்டினத்தான்