பிட்ச்சர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்: மேஜர் லீக் பேஸ்பால் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் ராப் மான்ஃப்ரெட் அவர்களுக்கும் முப்பது அணிகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் டொராண்டோவில் வசிக்கும் தமிழன். எங்கள் ஊர் அணியான ப்ளூ ஜேஸின் ரசிகன். பந்து வீசக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பையனுக்குத் தகப்பன். என் மகனோடு ஆடுகிற, அவனைவிடக் கொஞ்சம் மூத்த பையன் ஒருவனுக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை, அதாவது முழங்கையில் கிழிந்த தசைநாரைச் சரிசெய்யும் சிகிச்சை, நடந்திருக்கிறது. இன்னும் பள்ளிப் படிப்பே முடியவில்லை. அவனைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஓர் அணி 26 பேர் பட்டியலில் வைத்துக்கொள்ளக்கூடிய பிட்ச்சர்களின், அதாவது பந்து வீசுபவர்களின், எண்ணிக்கையை 13-லிருந்து 11-ஆகக் குறையுங்கள். ஒரேயடியாக வேண்டாம், சில ஆண்டுகளில் படிப்படியாகச் செய்யுங்கள். ஆனால் செய்யுங்கள்.

பின்னணியை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிட்ச்சர்களின் காயங்களைப் பற்றி 2024 டிசம்பரில் நீங்கள் வெளியிட்ட அறிக்கையிலேயே எல்லாம் இருக்கிறது. 2008-ல் மணிக்கு 91.3 மைலாக இருந்த ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2024-ல் 94.2 மைல். காயப் பட்டியலில் பிட்ச்சர்கள் சேர்க்கப்பட்டது 2005-ல் 212 முறை, 2024-ல் 485 முறை. ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதே கைகளைக் கெடுக்கிறது என்று இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசி நீங்களே எழுதினீர்கள். எழுதியதோடு சரி. பட்டியலில் 13 பிட்ச்சர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை உருவி எடுத்து, மேல்கை எலும்பிலும் முன்கை எலும்பிலும் துளை போட்டு, அதன் வழியே கோத்துக் கட்டியிருக்கிறார்கள். முழங்கையில் கீல் வைத்த ஒரு பட்டை. கை எவ்வளவு மடங்கலாம், எவ்வளவு நீளலாம் என்பதை அந்தக் கீல்தான் முடிவு செய்கிறது. சட்டைப் பொத்தானை அவன் அம்மா போட்டுவிடுகிறார். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறான், பாதி மேசையில் சிந்துகிறது. பந்தைத் தொடவே பல மாதங்கள் ஆகும், ஆட்டத்துக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேல். இத்தனைக்கும் நடுவில் அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "ஆபரேஷனுக்குப் பிறகு வேகம் இன்னும் கூடுமாமே அங்கிள், நிஜமா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கேள்வியை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவன் பயிற்சியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ரேடார் கருவியில் எந்த எண் தெரிந்தால், அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட் திரும்பிப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். அந்த எண்ணை நிர்ணயிப்பவர்கள் நீங்கள்.

ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்ச்சரான ஸ்டார்ட்டரிடம் இன்று அணிகள் கேட்பது, ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து இன்னிங்ஸ், மிஞ்சினால் ஆறு. எதிரணியின் பேட்டிங் வரிசை இரண்டு முறை சுற்றி வரும்வரை இருப்பதையெல்லாம் போட்டு வீசு, மூன்றாம் சுற்றுக்கு நாங்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். மாற்று பிட்ச்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் களைத்தால் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்கிலிருந்து ஒருவரை வரவழைத்துக்கொண்டு, களைத்தவரைக் கீழே அனுப்பிவிடலாம். ஒரே வீரரை ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் இப்படி அனுப்பக்கூடாது என்று இப்போது விதி இருக்கிறது. ஐந்து முறை போதாதா ஒரு மனிதனை அலைக்கழிக்க? இவ்வளவு ஆள் கைவசம் இருக்கும்வரை எந்த மேனேஜரும் "பலத்தை மிச்சம் பிடித்து வீசு" என்று சொல்லப்போவதில்லை. மிச்சம் பிடித்து வீசுகிறவருக்கு வேலையும் நிலைக்காது.

2020 உலகத் தொடரின், அதாவது இறுதிச் சுற்றின், ஆறாவது ஆட்டத்தில் பிளேக் ஸ்னெல் 73 பந்துகள்தான் வீசியிருந்தார். ஒன்பது ஸ்ட்ரைக்அவுட், எதிரணிக்கு வெறும் இரண்டு ஹிட், ஸ்கோர் 1-0. அப்படியிருந்தும் அவருடைய அணியான டாம்பா பே அவரை வெளியே அழைத்தது. அந்த இன்னிங்ஸிலேயே முன்னிலை போய், தொடரும் போனது. அதற்குப் பிறகும் எந்த அணியும் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. 1968-ல் பாப் கிப்ஸன் தனியொருவராக 28 ஆட்டங்களை முதலிலிருந்து கடைசிவரை வீசி முடித்தார். 2024 சீசனில் முப்பது அணிகளும் சேர்ந்து முடித்தவை 28. இருநூறு இன்னிங்ஸைத் தொட்டவர்கள் அந்த ஆண்டு நான்கே பேர். பாரத்தை இவ்வளவு குறைத்தும் முழங்கைகள் தப்பவில்லையே! 2024 ஏப்ரல் தொடக்கத்தில் யூரி பெரஸ், ஷேன் பீபர், ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் என்று சில நாட்களுக்குள் அடுத்தடுத்து முழங்கைக் காயச் செய்தி வந்தது. அப்போது வீரர் சங்கம், பந்து வீச நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக்கைக் குறை சொன்னது, உங்கள் அலுவலகம் அதை மறுத்தது. அடிபட்ட கைகளுக்கு அந்தச் சண்டையால் என்ன பயன்?

கூடுதல் இன்னிங்ஸ் வீசினால் கை கெடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாண்டி அல்காண்டரா 2022-ல் 228⅔ இன்னிங்ஸ் வீசி, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கினார், மறு ஆண்டே அவருக்கும் முழங்கையில் அறுவை சிகிச்சை. ஆனால் ஒன்பது இன்னிங்ஸும் 98 மைலில் வீச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆள் குறைந்தால் அணிகள் வேறு மாதிரியான பிட்ச்சரைத் தேடும். 1997-ல் கிரெக் மேடக்ஸ் கப்ஸ் அணிக்கு எதிரான ஒரு முழு ஆட்டத்தை 78 பந்துகளில் முடித்தார். குறி வைத்து வீசினார், வேகத்தை மாற்றி மாற்றி வீசினார், அடிப்பவர்கள் தாங்களாகவே அவுட் ஆனார்கள். ஐயாயிரம் இன்னிங்ஸைத் தாண்டி வீசிய கை அது. அப்படி ஒரு பையன் இன்று உங்கள் ஸ்கவுட் முன்னால் நின்றால், இரண்டாவது பந்திலேயே நோட்டை மூடிவிடுவார்.

2025 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம் எங்கள் ஊரில் நடந்தது. எதிரணியான டாட்ஜர்ஸின் யோஷினோபு யாமமோட்டோ 105 பந்துகளில் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தார், கடைசி இருபது பேரை வரிசையாக அவுட் ஆக்கினார். தோற்றது எங்கள் அணி. ஆனாலும் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் அடுத்து இவர் என்ன வீசப் போகிறார் என்றே காத்திருந்தேன். ஆட்டக்காரர் ஒருவரை முழுதாகப் பார்த்த திருப்தி அது. அதே தொடரில் ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள் வீசிய யாமமோட்டோவை மறுநாளே ஏழாவது ஆட்டத்திலும் இறக்கியது வேறு கதை. அதை எந்தப் பையனும் பின்பற்ற வேண்டாம்.

இப்போது நாங்கள் டிக்கெட்டுக்குக் கொட்டிக் கொடுக்கிறோம். யார் வீசுகிறார் என்று பார்த்து வாங்குகிறோம், ஐந்தாவது இன்னிங்ஸில் அவர் போய்விடுகிறார். பிறகு பெயர் தெரியாத ஒருவர், அவருக்குப் பின் இன்னொருவர், நடுவில் விளம்பரம். பெரிய திரையில் ஒவ்வொரு பந்துக்கும் வேகம் மின்னுகிறது, நூறைத் தாண்டினால் கூட்டம் கூவுகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அந்த எண்ணை மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் கைகளுக்கு யார் பொறுப்பு?

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கே வருகிறேன்.

ஸ்டார்ட்டர் ஆறு இன்னிங்ஸ் வீசுவதைக் கட்டாயமாக்கும் யோசனை 2024-ல் பேசப்பட்டது. அதில் விதிவிலக்குகள் சேர்ந்துகொண்டே போகும், அணிகள் ஓட்டை கண்டுபிடிக்கும். எண்ணிக்கையைக் குறைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மைனர் லீக்கில் தொடங்கி முதலில் 12, பிறகு 11 ஆக்குங்கள். கீழே அனுப்பும் வரம்பையும் ஐந்திலிருந்து குறையுங்கள், இல்லையென்றால் அந்த வழியாகப் பழைய கதை திரும்பும். 26 இடங்கள் அப்படியே இருப்பதால் வீரர் சங்கத்துக்கு மொத்தத்தில் வேலை இழப்பும் இல்லை.

தற்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி முடிகிறது. பணத்தைப் பற்றி இரு தரப்பும் நிறையப் பேசுவீர்கள் என்று தெரியும். அந்த மேசையில் 11 பிட்ச்சர் விதியையும் தயவுசெய்து வையுங்கள். வைக்க முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
டொராண்டோவிலிருந்து ஒரு ரசிகன்