பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மத்தியஸ்தர்களுக்கும் இரு தரப்புப் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

உடன்பாடு கண்ட பிறகுதான் எங்களிடம் வருகிறீர்கள். நாங்கள் தயங்கினால், "மக்கள் இன்னும் பகையை மறக்கவில்லை" என்று அலுத்துக்கொள்கிறீர்கள். சமாதானத்தை ஆதரிக்க எங்களுக்கு எதிர்த்தரப்பின் மீது அன்பு பிறக்கவேண்டியதில்லை ஐயா. எங்கள் அச்சத்துக்கு யாராவது முகம்கொடுத்துப் பதில் சொன்னால் போதும்.

கொலம்பியாவில் 2016 அக்டோபர் 2 அன்று, அரசும் அதை எதிர்த்துப் போரிட்டுவந்த ஃபார்க் கெரில்லாக்களும் செய்த சமாதான உடன்படிக்கை பொது வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்றது. எதிராக விழுந்தவை 50.2 சதவீதம். ஆனால் பொஹாயா என்ற ஊர்ப்பகுதியில் 96 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2002 மே மாதம் அங்கே தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது ஃபார்க் ஏவிய எரிவாயு உருளைக் குண்டு விழுந்தது. 70க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அவர்களில் குழந்தைகள் பலர். பழிவாங்கத் துடிக்க எல்லாக் காரணமும் உள்ள ஊர்! 2015 டிசம்பரில் ஃபார்க் பிரதிநிதிகள் அங்கேயே வந்து, அந்த மக்களின் முகம் பார்த்து மன்னிப்புக் கேட்டார்கள். அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். மீண்டும் சண்டை மூண்டால் குண்டு யார் கூரையில் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். தொலைக்காட்சியில் மட்டும் போரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு அவ்வளவு எளிதில் விளங்காது.

1998இல் வட அயர்லாந்தில், வாக்கெடுப்புக்கு முன் சமாதான உடன்படிக்கையின் முழு வாசகமும் வீடுதோறும் அனுப்பப்பட்டது. ஆயுதக் குழுக்களின் கைதிகள் விடுதலையாவார்கள் என்ற கசப்பான பகுதியும் அதில் இருந்தது. படித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு வாக்களித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். 71 சதவீதம் ஆதரவு கிடைத்தது.

சைப்ரஸில் 2004இல் இதற்கு நேர்மாறு. பிளவுபட்ட அந்தத் தீவை ஒன்றிணைக்க ஐ.நா. வகுத்த பல்லாயிரம் பக்கத் திட்டத்தின் இறுதி வடிவம் மார்ச் 31இல் தயாரானது. ஏப்ரல் 24இல் வாக்கெடுப்பு. துருக்கிய சைப்ரஸ் மக்களில் 65 சதவீதம் பேர் ஏற்றார்கள். கிரேக்க சைப்ரஸ் மக்களில் 76 சதவீதம் பேர் மறுத்தார்கள். துருக்கியப் படைகள் எப்போது வெளியேறும், இழந்த வீடு கிடைக்குமா என்ற கேள்விகளோடு இருந்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம்.

ஆகவே ஒற்றுமைப் பாடல்களையும் சுவரொட்டிகளையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். யார் விடுதலையாவார், நிலம் யாருக்கு, காணாமல்போனவர்களைத் தேடுவது யார்? கையெழுத்திடும் முன்பே, கசப்பானாலும், எங்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த மேசையில் நாற்காலி இல்லாத ஒருவன்